அறிக்கைக்கு முன் ஆளைப் பாருங்கள்

அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்பு பற்றி அறிக்கை எதுவும் கண்ணில் பட்டால், நான் முதலில் படிப்பது எழுதியவரைப் பற்றிய குறிப்பைத்தான். இதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்துவிட்டால், எதைக் கண்டு பயப்படச் சொல்வார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன் அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று ஒரு துறையே கிடையாது. 2002 நவம்பரில் சட்டம் போட்டு, 2003 மார்ச்சில் 22 அரசு அமைப்புகளைச் சேர்த்துக் கட்டினார்கள். துறையே புதிது, அதையே படித்து வந்த நிபுணர் எங்கிருந்து வருவார்? ராணுவத்தினரும் வழக்கறிஞர்களும் முன்னாள் அதிகாரிகளும்தான் அந்த நிபுணர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற திங்க் டேங்க்குக்காக (கொள்கை ஆய்வு நிறுவனம்) நிறைய எழுதிய ஜேம்ஸ் கராஃபனோ 25 ஆண்டுகள் தரைப்படையில் இருந்தவர். துறைமுகக் கண்டெய்னர்களைப் பற்றி விடாமல் எச்சரித்த ஸ்டீஃபன் ஃப்ளின் கடலோரக் காவல்படை அதிகாரி. இதில் தப்பேதுமில்லை, ஃப்ளின் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆனால் இப்படிப்பட்டவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற கதைதான்.

எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. ஜான் முல்லர் அரசியல் அறிவியல் பேராசிரியர். மார்க் ஸ்டூவர்ட் ஆஸ்திரேலியாவில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். பாலம் எத்தனை பாரம் தாங்கும், அதை இன்னும் பலப்படுத்தச் செலவழிக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்ப்பது ஸ்டூவர்ட்டின் துறை. அதே கணக்கை இருவரும் விமானப் பாதுகாப்பில் போட்டுப் பார்த்தார்கள். விமானி அறையின் கதவைப் பலப்படுத்தியது செலவுக்குத் தகுந்த பலன் தருகிறது. விமானத்தில் பயணியோடு பயணியாகத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஏர் மார்ஷல்களுக்கான செலவு அந்தக் கணக்கில் தேறவே இல்லை. ‘ஒரு உயிரைக் காப்பாற்ற எவ்வளவு செலவாகிறது?’ என்று ராணுவத்திலிருந்து வந்தவர் கேட்பது அபூர்வம். இன்ஜினியருக்கு அது அன்றாடக் கேள்வி. உயிருக்கு விலை வைப்பதா என்று சிலர் கோபப்படுவார்கள். சாலை போடும்போதும் அணு உலை கட்டும்போதும் அரசுகள் சத்தமில்லாமல் செய்வது அதைத்தானே?

வேறு வகை ஆட்களும் உண்டு. மைக்கேல் செர்டாஃப் அரசு வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்து, 2005 முதல் 2009 வரை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலாளராக (நம்மூர் அமைச்சர் மாதிரி) இருந்தவர். பதவி முடிந்ததும் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். 2009 கிறிஸ்துமஸ் அன்று ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு விமானம் ஏறிப் பிடிபட்டபின், விமான நிலையங்களில் பாடி ஸ்கேனர் வேண்டும் என்று ஊடகங்களில் வற்புறுத்தினார். ஸ்கேனர் தயாரிக்கும் ஒரு கம்பெனி அவருடைய நிறுவனத்தின் வாடிக்கையாளர். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், அந்த ஒரு வரி அவர் பெயருக்குக் கீழே ஒவ்வொரு முறையும் இருந்திருக்க வேண்டும்.

பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமாவும் அந்தத் துறையில் சேர்த்த 22 அமைப்புகளில் ஒன்று. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது அதன் தலைவர் மைக்கேல் பிரவுன், ஃபீமாவுக்கு வருமுன் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் வேலை பார்த்தவர். (கிண்டல் இல்லை, நிஜம்.) 2009-ல் அதே நாற்காலிக்கு வந்த கிரெய்க் ஃப்யூகேட், ஃப்ளோரிடாவில் தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்த்து மேலே வந்தவர். புயல் அடித்த ஊரில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் வாஃபிள் ஹவுஸ் உணவகம் மூடியிருந்தால் நிலைமை படுமோசம் என்று புரிந்துகொள்ளும் வழக்கம் அவர் வழியாகத்தான் பிரபலமானது. வாஷிங்டன் அலுவலகத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு இது தோன்றுமா?

தீயணைப்பு வீரர்களும் மாவட்ட சுகாதார அலுவலர்களும் அறிக்கை எழுதாததற்குக் காரணம் விஷயம் தெரியாதது அல்ல. அவர்களுக்கு நேரமும் சம்பளமும் யாரும் தருவதில்லை. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரி 2002-லேயே ஒரு மையம் தொடங்கி, வேலையை விடாமல் இவர்கள் முதுகலை படிக்க வழி செய்தது. அங்கே இவர்கள் எழுதும் ஆய்வேடுகளை, திங்க் டேங்க் அறிக்கைகளை மேற்கோள் காட்டும் செய்தியாளர்கள் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.