ஆயிரத்து நானூறு கார்களும் ஒரு 'விற்றுவிடு'வும்

"விற்றுவிடு." சொல்பவருக்கு அரை நொடி வேலை. எனக்கோ மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அலமாரிக் கதவு முழுதாகத் திறக்கவில்லையா, விற்றுவிடு. இருட்டில் எழுந்து நடந்தவர் காலில் பெட்டி இடித்துவிட்டதா, விற்றுவிடு. சரி, எதை, யாருக்கு, எப்படி என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் 1:64 அளவு (அசலில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு) டை-காஸ்ட், அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மைக் கார்கள் 1,400 சொச்சம். அதில் 900 இன்னும் கடையில் வாங்கிய அட்டையையும் அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழையும் விட்டு வெளியே வராதவை. கைகால் அசையும் உருவ பொம்மைகள் இருநூறு. ரோபோவாக மாறும் வண்டிகள் ஓர் அறுபது. மூன்று பெரிய டப்பாக்களில் லெகோ கட்டைகள். எந்த செட் எதனோடு கலந்திருக்கிறது என்பது கலந்தவனுக்கே தெரியாது, கலந்தவன் நான்தான். இருபத்தைந்து ஆண்டுச் சேர்மானம். இதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விற்று முடித்துவிட்டு மாலையில் காலாற நடக்கப் போக வேண்டுமாம்.

குடும்பத்தில் இதுபற்றி இரண்டு கருத்து உண்டு. ஒன்று, இது குப்பை. இன்னொன்று, இது புதையல். இரண்டையும் ஒரே ஆள், ஒரே மூச்சில் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? விற்றால் எக்கச்சக்கமாகக் கிடைக்குமே!" என்கிறார் என் மைத்துனர். குப்பைக்கு எவன் எக்கச்சக்கமாகக் கொடுப்பான்?

அவருக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது எங்கோ படித்த ஒரு செய்தித் துணுக்கு. 1969இல் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார் பிராண்டில் செய்து பார்த்த ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன் பெருந்தொகைக்கு விலைபோகிறது என்பது அது. அலைச்சறுக்குப் பலகைகளைப் பின்பக்க ஜன்னல் வழியாகச் செருகும்படி முதலில் வடிவமைத்தார்கள். வண்டி ஒடுக்கமாகவும் தலை கனமாகவும் போய், தடத்தில் வேகமூட்டும் கருவிக்குள் ஒழுங்காக ஓடவில்லை. பிறகு பலகைகளைப் பக்கவாட்டில் செருகும்படி வண்டியை அகலமாக்கி, அதைத்தான் கடைக்கு அனுப்பினார்கள். ஆகவே பழைய வடிவத்தில் மிஞ்சியவை எல்லாம் சோதனை வண்டிகள். அதிலும் பிங்க் நிறத்தவை மிக மிக அரிது. அதனால்தான் அதற்கு அந்த விலை. இவ்வளவையும் நான் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்ட மைத்துனர் கடைசியில், "உங்களிடம் பிங்க் நிறத்தில் எத்தனை இருக்கிறது?" என்றார்.

இன்னொரு நாள் ஒரு காரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடியில் 1982 என்று போட்டிருக்கிறதே, நாற்பது ஆண்டுப் பழமை!" என்று குதித்தார். அது அந்த வடிவத்துக்கு உரிமை குறித்த ஆண்டு. அதே அச்சில் இருபது ஆண்டு கழித்து வார்த்த காரிலும் அதே எண்தான் இருக்கும். பழமையை டயரில் பார்க்க வேண்டும்: 1968 முதல் 1977 வரையிலான ஹாட் வீல்ஸ் சக்கரங்களில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். (பின்னால் வந்த மறுவெளியீடுகளிலும் அதே கோட்டைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.) என்னிடம் அசல் சிவப்புக் கோடு நான்கு இருக்கின்றன. நான்கிலும் பெயின்ட் உரிந்திருக்கிறது. இதைச் சொன்னதும் சொத்தை மறைப்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பழைய பொம்மைக்கு விலை வந்ததே, அந்தக் காலத்துக் குழந்தைகள் அதை வைத்து ஒழுங்காக விளையாடியதால்தான். மண்ணில் உருட்டினார்கள், சக்கரத்தைக் கடித்தார்கள், வளர்ந்ததும் வீட்டார் மிச்சத்தைத் தூக்கிப் போட்டார்கள். 1953இல் மேட்ச்பாக்ஸ் கார் கடைக்கு வந்தபோது அந்தத் தீப்பெட்டி அளவு அட்டைப் பெட்டியைப் பத்திரப்படுத்த எந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கும்? இன்று அந்தப் பெட்டியும் கூடவே இருந்தால்தான் வாங்குபவர் முகத்தில் வெளிச்சம் வருகிறது. 1990களில் ஊர் உலகமே இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டது. பீனி பேபீஸ் என்று பிளாஸ்டிக் மணி நிரப்பிய சின்னச் சின்னத் துணி பொம்மைகள் வந்தன. அதன் காதில் தொங்கும் பெயர்ச்சீட்டு மடங்காமல் இருக்க, சீட்டுக்கே தனியாக பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார்கள். 1999இல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு தம்பதி, நீதிமன்றத் தரையில் அந்த பொம்மைகளைக் கொட்டி, குந்தி உட்கார்ந்து, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சீண்ட ஆளில்லை. எல்லோர் வீட்டுப் பரணிலும் இருக்கும் பொருளுக்கு எவன் ஏங்குவான்?

அந்தக் கதையைப் படித்து நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, போய் இன்னொரு காரை வாங்கி, அட்டையோடு அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். 900 முறை. பின்னால் விலை ஏறும் என்று. என்னைப் போலவே எத்தனை ஆயிரம் பேர் அதே காரை அதே எண்ணத்தோடு அதே மாதத்தில் வாங்கி வைத்திருப்பார்கள் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. மைத்துனரைத் திட்டும்போது இதையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன், மனதுக்குள்.

மொத்தமாக வாங்குபவர் என்று ஒருவர் வந்தார். கையில் டார்ச் விளக்கு. மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டி பெட்டியாகப் புரட்டி நாற்பது கார்களை ஓரமாக எடுத்து வைத்தார். கொள்ளி வைத்ததுபோல் இருந்தது, ஏனென்றால் நானே உட்கார்ந்து பொறுக்கியிருந்தாலும் அந்த நாற்பதில் முப்பத்தெட்டைத்தான் பொறுக்கியிருப்பேன். "இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். மாட்டேன், எடுத்தால் எல்லாம் என்றேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அடிமாட்டு விலை. அந்த நாற்பதுக்கே அது காணாது. மிச்சம் 1,360 காரையும் சுமை கூலி இல்லாமல் அப்புறப்படுத்துவது எனக்குச் செய்யும் உபகாரமாம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பொம்மை யானைக்கு அது செல்லாது போலிருக்கிறது.

ஆனால் அவர் போன பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன், கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஒரு காரைத் துடைத்து, நான்கு கோணத்தில் படம் எடுத்து, அட்டையின் மடிப்பு, குமிழின் மஞ்சள், மூலையின் நைவு எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, பொதிந்து, கூரியரில் சேர்க்க எப்படிக் குறைத்தாலும் இருபது நிமிடம். 1,400 கார், 28,000 நிமிடம். 466 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்றால் 58 நாள், விடுப்பே இல்லாமல். மொத்தமாக வாங்குபவர் குறைத்துக் கேட்பது இந்த 58 நாளை. அவர் திருடன் இல்லை என்பது புரிந்துவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, தனித்தனியாகவே விற்றுப் பார்ப்போம் என்று இருபது காரை இணையத்தில் போட்டேன். முதல் செய்தி: "கடைசி விலை எவ்வளவு?" வணக்கம் கிடையாது, எந்தக் கார் என்று கிடையாது. முதல் விலையையே இன்னும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை, ஐயா! இரண்டாவது ஆசாமி அட்டையின் இடது மேல் மூலையை வெயிலில் வைத்து ஒரு படம் கேட்டார். அனுப்பினேன். நிழலில் ஒன்று கேட்டார். அனுப்பினேன். பின்பக்கம் கேட்டார், பழைய விலைச்சீட்டு ஒட்டிய தடம் இருக்கிறதா என்றார், ஒன்பது படம் போன பிறகு, "நான் பிரித்து விளையாடும் ஆள், அட்டை எனக்கு வேண்டாம்" என்று சொல்லி மறைந்துவிட்டார். மூன்றாமவர் இன்னொருவர் போட்டிருக்கும் விலையைக் காட்டி என்னைக் கொள்ளைக்காரன் என்றார். நான்காமவர் வேறொருவர் போட்டிருக்கும் விலையைக் காட்டி என்னை ஏமாளி என்றார். கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. நிலாவைக்கூட விலை போட்டு வைக்கலாம். விற்று முடிந்தவற்றின் பட்டியலில் எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் விலை. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் யாரிடமும் இல்லை.

இதற்கிடையில் நெடுநாள் நண்பர் ஒருவர், "நீ பொம்மையைக் கொடு, படம் எடுத்து விலை எழுதிக் கொடு, நான் விற்றுத் தருகிறேன், ஆளுக்குப் பாதி" என்றார். நான் உமி கொண்டு வருகிறேன், நீ அரிசி கொண்டு வா, இருவரும் ஊதி ஊதித் தின்னலாம் என்ற கதை.

கூரியரில் இன்னொரு கூத்து. 60, 40, 40 சென்டிமீட்டரில் ஒரு பெட்டி. அட்டை கார்களை அடுக்கினால் எடை ஏழு கிலோ. கட்டணமோ பத்தொன்பது கிலோவுக்கு மேல். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்து, 19.2 என்று எழுதி நீட்டினார்கள். இடத்துக்குத்தான் காசாம். குமிழுக்குள் இருக்கும் காற்றுக்கு நான் இருபத்தைந்து ஆண்டு வீட்டில் இடம் கொடுத்தேன். அதே காற்றை அனுப்பவும் நானே கொடுக்க வேண்டும்.

"அவசரம் என்ன, வைத்திருங்கள், ஏறும்" என்று எதிர்க்கட்சியும் உண்டு. இவர்களுக்குத் தெரியாது, பெட்டிக்குள் எதுவும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மிருதுவான பிவிசி பொம்மைகளில் சேர்த்த நெகிழ்வூட்டி மெல்ல மேலே வந்து பிசுபிசுக்கிறது; தொட்டால் விரல் ஒட்டுகிறது. வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. பழைய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உதிர்ந்துபோகிறது. அதற்கு மருந்தே கிடையாது. பாட்டரியை எடுக்காமல் மூடி வைத்தவன் கதி இன்னும் மோசம். "குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்பவர்களுக்கும் ஒன்று: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உதிரிச் சக்கரம் தொண்டையில் சிக்கும். நல்ல கட்டைகளாகப் பார்த்து ஒரு டப்பா கொடுத்தேன். மிச்சத்தைக் கொடுக்க எனக்கு மனது வரவில்லை, துணிவும் வரவில்லை.

போன வாரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். அட்டையில் இருந்த 900ஐயும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், பாதிக்கு மேல் எப்போது வாங்கினேன் என்பதே நினைவில் இல்லை. கையில் எடுத்து உருட்டாத காரை எப்படி நினைவு வைத்துக்கொள்வது? பிரித்து வைத்திருந்த ஐந்நூறில் ஒவ்வொன்றும் தெரிந்தது. இது படிக்கட்டில் விழுந்தது. இதன் கதவை நானே ஒட்டினேன், கோணலாக. விலை போகும் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டிய பொருள் எதுவும் விலை போகாது. இவ்வளவு சுலபமான கணக்குக்கா மூன்று மாதம் தூக்கம் கெட்டது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அட்டை கார்கள் போகின்றன. அறுபது நல்லவை தனித்தனியாக. மிச்சம் பந்தயக் கார், லாரி, வேன் என்று வகை பிரித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு. கட்டைப் பிரித்துக் கேட்பவருக்குப் பதிலே கிடையாது. லெகோ கட்டைகள் எடைக்கு. உருவ பொம்மைகளில் துப்பாக்கியும் தொப்பியும் தொலையாதவை ஒரு பக்கம், தொலைந்தவை உதிரிக்கு. பிரித்த ஐந்நூறும் இங்கேயே இருக்கும். இதை வீட்டில் அறிவித்தேன். "அப்படியென்றால் அலமாரி காலியாகாதா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டு வந்தேன்.

நேற்று முதல் கட்டைப் படம் எடுத்துப் போட்டேன். இருபத்தைந்து லாரிகள், ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. இன்று காலை ஒரு செய்தி வந்திருந்தது. படத்தின் ஓரத்தில், மேசை விளிம்பில், கூரை நசுங்கி முன்சக்கரம் ஒன்றில்லாமல் ஒரு நீல லாரி தெரிகிறதாம். அது விற்பனைக்கா என்று கேட்டிருந்தார். கடைசி விலை எவ்வளவு?

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மைத்துனர் சொன்னார், "விற்றுவிடுங்கள்."