எதைக் குறைக்க வேண்டும், மேடம்?

வங்கி அலுவலர்: நீங்கள் கேட்டபடியே குறைத்துவிட்டேன், மேடம். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் வீட்டுக்கடன் இஎம்ஐயில் 868 ரூபாய் குறையும்.

கணக்கு ஆசிரியை: இஎம்ஐயைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லையே, தம்பி. ஒரு லட்சம் கட்டிக் கடனைக் குறைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அலுவலர்: அதைத்தான் செய்திருக்கிறேன், மேடம். மாதம் மிச்சமாகும் 868 ரூபாயை வைத்து நீங்கள் ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால்...

ஆசிரியை: நிலுவை 30 லட்சம், வட்டி எட்டரை சதவீதம், மீதம் 240 மாதம். இஎம்ஐயைக் குறைத்தால் மொத்த வட்டியில் எனக்கு மிஞ்சுவது ஒரு லட்சத்துச் சொச்சம். இஎம்ஐயைத் தொடாமல் மாதங்களைக் குறைத்தால் மிஞ்சுவது நான்கு லட்சம். கடனும் 19 மாதம் முன்னதாகவே முடிந்துவிடும்.

அலுவலர்: ஒரு லட்சம் என்பது நான்கு இஎம்ஐக்குக்கூட வராதே, மேடம்! அதற்கு எப்படி 19 மாதம் குறையும்?

ஆசிரியை: நான் கட்டும் 26,000 ரூபாய்ச் சொச்சத்தில் 21,250 ரூபாய் இந்த மாதம் வட்டிக்கே போய்விடுகிறது; அசலில் கழிவது ஐயாயிரத்துக்கும் குறைவு. இந்த ஒரு லட்சமோ முழுவதும் அசலிலேயே கழிவதால், 19 மாதங்களில் கழிய வேண்டிய அசலை ஒரே நாளில் கழித்துவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து இதே தொகையைக் கொண்டுவந்தால் எட்டு மாதம்தான் குறையும் என்பதால்தான், அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இன்றே வந்திருக்கிறேன்.

அலுவலர்: ஆனால், கடனைச் சீக்கிரம் அடைத்தால் வரிச் சலுகை போய்விடுமே! அதற்குப் பதிலாக அந்த ஒரு லட்சத்தை நம்முடைய காப்பீட்டுத் திட்டத்தில்...

ஆசிரியை: நான் புதிய வரிமுறையில் இருக்கிறேன், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அதில் கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும்கூட, நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியை மிச்சப்படுத்துவதை இலாபம் என்று எழுதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.

அலுவலர்: முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம்...

ஆசிரியை: தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அந்த அபராதம் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது.

அலுவலர்: என்னிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், மேடம். கணினியில் இஎம்ஐயைக் குறைக்கும் வழிதான் இருக்கிறது. மாதங்களை மாற்றும் வழியே இல்லை.

ஆசிரியை: இல்லையா? 2021இல் நான் 32 லட்சம் வாங்கியது 18 ஆண்டுக் கடனாக. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது; அது அடுத்த பிப்ரவரிக்குள் ஆறரை ஆகி என் கடன் வட்டியும் ஏறியபோது, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மாதங்களைக் கூட்டினீர்கள். நான்கு ஆண்டு கட்டி முடித்த பிறகும் இன்னும் 20 ஆண்டு மீதமிருப்பது அதனால்தானே? மாதங்களைக் கூட்டத் தெரிந்த கணினிக்குக் கழிக்க மட்டும் தெரியவில்லை என்றால், அதை என் வகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.

அலுவலர்: (நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு) மேலாளர் அனுமதித்தால் மாற்றலாம் என்று காட்டுகிறது. ஆனால் அவர் இன்று விடுப்பு; திங்கட்கிழமைதான் வருவார்.

ஆசிரியை: ஒரு லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 23 ரூபாய். இன்று வெள்ளிக்கிழமை. மேலாளரின் விடுப்புக்காக எழுபது ரூபாயை நான் ஏன் கட்ட வேண்டும்?

அலுவலர்: பணத்தை இன்றைய தேதியிலேயே வரவு வைத்துவிடுகிறேன், மேடம். மாதங்களைக் குறைக்கச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள்.

ஆசிரியை: இரண்டு படிகள் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றில் முத்திரை வைத்து, தேதியோடு கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுங்கள். முத்திரையைத் தேடும்போது அந்தக் காப்பீட்டு விண்ணப்பத்தை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.