கேட் (CAT) எழுத வேலை அனுபவம் கட்டாயம் இல்லை

ஐஐஎம் என்னும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்பிஏ சேர இரண்டு வருட வேலை அனுபவம் கட்டாயம், கல்லூரிக் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் அதற்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதவே முடியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நண்பரே, அது சரியில்லை. பட்டப்படிப்பில் 50 சதவீதம் (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45) இருந்தால் போதும், கடைசி வருட மாணவர்களும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். என் தங்கை பி.காம் மூன்றாம் வருடத்தில், வேலை அனுபவம் கேட்கும் இடத்தில் எதுவும் இல்லை என்று போட்டுத்தான் எழுதினாள்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஹைதராபாத் ஐஎஸ்பி என்ற மேலாண்மைக் கல்லூரியின் ஒரு வருடப் படிப்பு, ஐஐஎம் அகமதாபாத்தின் ஒரு வருடப் படிப்பு இவையெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கென்றே நடப்பவை, அவற்றுக்கு அனுபவம் கேட்பார்கள், ஆனால் வழக்கமான இரண்டு வருடப் படிப்பு வேறு. அதிலும் பல ஐஐஎம்கள் அனுபவத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண் தருகின்றன என்பது உண்மைதான், அது கூடுதல் மதிப்பெண், தகுதி நிபந்தனை இல்லை.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கேட் தேர்வின் அதிகாரப்பூர்வ தளத்தில், ஐஐஎம்கேட் டாட் ஏசி டாட் இன், தகுதி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அப்புறம் நீங்கள் சேர நினைக்கும் ஐஐஎம்மின் தளத்தில் அந்த வருடத்துச் சேர்க்கைக் கொள்கை இருக்கும், அனுபவத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். அனுபவம் கட்டாயம் என்ற தவறான பேச்சை நம்பி ஒரு வருடத்தை யாரும் தள்ளிப்போட்டுவிட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.