பழைய பங்குப் பத்திரங்களைக் கிழித்துவிடாதீர்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் தாத்தா வைத்துவிட்டுப் போன பங்குப் பத்திரங்கள், ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை (கம்பெனி லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) வாங்காததால் அரசுக்கே சொந்தமாகிவிட்டன, இனி அவை வெறும் காகிதம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்தின் (ஐஇபிஎஃப்) பெயருக்கு மாற்றப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால், உரிமையாளரோ அவருடைய சட்டப்பூர்வ வாரிசோ அவற்றைத் திரும்பக் கோரலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது, அவ்வாறு கோருவதற்குக் காலக்கெடுவும் கிடையாது. அதுவரை வாக்குரிமைதான் முடங்கியிருக்கும். அந்தப் பங்குகளுக்கு வரும் ஈவுத்தொகையும் நிதியத்திலேயே சேரும். திரும்பக் கோருவதற்கு ஐஇபிஎஃப்-5 படிவத்தை இணையத்தில் கட்டணமின்றித் தாக்கல் செய்து, உரிய ஆவணங்களைக் கம்பெனியின் பொறுப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வாரிசுரிமையை நிறுவுவதுதான் இதில் நாள் பிடிக்கும் வேலை. தாத்தாவின் பெயரும் ஃபோலியோ எண்ணும் (கம்பெனிப் பதிவேட்டில் பங்குதாரருக்கு உள்ள எண்) அச்சான அந்தப் பத்திரம் கையில் இருந்தால் கோருவது எளிது.