தராசைத் தொட வைக்கும் துறையா என்று கேளுங்கள்

நிலைத்த உணவு அமைப்புகள், அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் எல்லோருக்கும் உணவு கிடைக்கச் செய்வது பற்றிய முதுகலைப் படிப்பை இந்த வருடம் முடித்தேன். சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் அந்தத் துறை தன் மாணவர்களைத் தராசைத் தொட வைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாம் பருவத்தில் விடுதி மெஸ்ஸில் உணவு வீணாவதைப் பற்றி ஒரு செய்முறைப் பணி. 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதைப் படித்த வேகத்தில், தப்பு சாப்பிடுகிறவர்களிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். ‘தேவையானதை மட்டும் வாங்குங்கள்’ என்று சுவரொட்டியும் ஒட்டியாயிற்று.

ஆசிரியை வந்து பார்த்தார். “எடை போட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்று தொட்டிகள் வைத்தோம். நறுக்கும்போது கழிந்தது ஒன்றில், பாத்திரத்தில் மிஞ்சியது ஒன்றில், தட்டில் மிஞ்சியது ஒன்றில். ஒரு வாரம், மூன்று வேளையும். ராத்திரி பத்து மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியைத் தூக்கித் தராசில் வைக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்தப் புளித்த வாடை எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. தட்டுத் தொட்டியை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். பாத்திரத் தொட்டிக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவ்வளவும் யார் தட்டுக்கும் போகாத உணவு.

சமையல் மாஸ்டரிடம் கேட்டோம். “எத்தனை பேர் வருவீங்கன்னு எனக்கு யாருப்பா சொல்றாங்க? குறைஞ்சா மட்டும் என்கிட்ட வந்து நிப்பீங்க” என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவது எங்களுக்குத் தெரியும். அவருக்கு அதை யாரும் சொன்னதில்லை. சுவரொட்டியை நாங்களே கிழித்தோம்.

இந்தப் படிப்பு எனக்குத் தந்ததில் பெரியது இதுதான் என்பேன். வகுப்பில் படித்ததும் இதோடு சேர்ந்த பிறகுதான் பிடிபட்டது. இயற்கை விவசாயம் நல்லதா என்று கேட்டால், சுற்றுச்சூழல் பாதிப்பை ஒரு ஹெக்டேருக்கு என்று கணக்குப் போட்டால் ஒரு விடை வரும், விளைந்த ஒரு கிலோவுக்கு என்று போட்டால் வேறு விடை வரலாம். விளைச்சல் பொதுவாகக் குறைவு என்பதால் அதே கிலோவுக்கு அதிக நிலம் தேவைப்படும். எதை அளந்தார்கள், எதால் வகுத்தார்கள் என்று பார்க்காமல் இப்போது என்னால் ஒரு செய்தியைக்கூட வாசிக்க முடியவில்லை.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பயிருக்குப் போடும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஏறக்குறைய பாதி பயிருக்குப் போய்ச் சேருவதில்லை, நீரிலும் காற்றிலும் கலக்கிறது என்று மண்ணியல் வகுப்பில் சொன்னார்கள். அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல 273 மடங்கு பூமியைச் சூடேற்றும். சரி. பக்கத்துக் கட்டடத்தில் பொருளியல் வகுப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனை ஆலையில் அம்மோனியாவாக மாற்றும் ஹாபர்-போஷ் முறையில் தயாராகும் உரம் இல்லையென்றால் உலகில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சோறு இல்லை என்றார்கள். இரண்டுமே உண்மை. இரண்டுக்கும் தனித்தனிப் பரீட்சை, இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த இரண்டு ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, “அப்படியானால் உரத்தை எவ்வளவு, எங்கே குறைக்கலாம்?” என்று கேட்ட வகுப்பு இரண்டு வருடத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. இந்தப் படிப்பே அந்தக் கேள்விக்காகத்தானே?

அதனால், விண்ணப்பம் போடுமுன் அங்கே படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். போன பருவத்தில் எதை எடை போட்டீர்கள், யாரிடம் போய்ப் பேசினீர்கள் என்று கேளுங்கள். அவர் சமையலறையையோ வயலையோ கிடங்கையோ பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், தைரியமாகச் சேருங்கள்.