ரைசருக்கு சாட்டா கேபிள் போதாது

மைனிங் ரிக்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்ட பல கிராபிக்ஸ் கார்டுகளை மாட்டிய கணினி) ஒவ்வொரு கார்டையும் மதர்போர்டு ஸ்லாட்டுடன் இணைக்கும் சிறு பலகைதான் ரைசர். "ரைசர் பெட்டியிலேயே சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கான பவர் கேபிள்) மாற்று வயர் வருகிறது, அதை மாட்டினால் போதும், மைனிங்குக்கு ஒற்றை லேன் (ஒரே தரவுப் பாதை கொண்ட) ஸ்லாட்டும் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி மைனிங் ரிக் கட்டாதீர்கள். தீப்பிடிக்கும் விஷயம் இது.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள் (உலோக முனைகள்), ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கிராபிக்ஸ் கார்டோ ஸ்லாட் (ரைசர் வைத்தால் ரைசர்) வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். 12 வோல்ட்டில் மட்டுமே 66 வாட். மைனிங்கில் இந்தச் சுமை இரவும் பகலும் இறங்காது. பின்கள் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, தொடுகை தளரும். தளர்ந்தால் மின்தடை கூடி இன்னும் சூடாகும். தனி பவர் சாக்கெட் இல்லாத சிறிய கார்டுகள்தான் இதில் மோசம், ஏனென்றால் அவற்றுக்கு மொத்த மின்சாரமும் ரைசர் வழியாகவே போகிறது.

6 பின் சாக்கெட் உள்ள ரைசராக வாங்கி, பவர் சப்ளையிலிருந்து வரும் 6 பின் கேபிளை நேரடியாக மாட்டுங்கள். ஒரு கேபிளில் இரண்டு ரைசருக்கு மேல் வேண்டாம். சாட்டாவை 6 பின்னாக மாற்றும் துண்டு வயரால் முனைதான் மாறும், 54 வாட் வரம்பு அப்படியே இருக்கும்.

இரண்டு பவர் சப்ளை வைப்பவர்கள், ஒரு கார்டின் ரைசரையும் அதன் 8 பின் பவர் சாக்கெட்டையும் ஒரே சப்ளையிலிருந்து கொடுங்கள். ஒரு கம்பெனியின் கழற்றும் கேபிளை இன்னொன்றில் செருகவே கூடாது. சப்ளை பக்கத்துப் பின் வரிசை வேறுபடலாம், கார்டு கருகிவிடலாம்.

மைனிங்குக்கு ஒற்றை லேன் ஸ்லாட் பெரும்பாலும் போதும் என்று அவர் சொன்னது மட்டும் சரி.