வரைபடத்தை யாரு வரையணும், யாருக்காக வரையணும்

ஜப்பானோட மேப் வரலாறுன்னு பேச்சை எடுத்தாலே எல்லாரும் நேரா இனோ ததாத்தக்காகிட்ட போயிடுறாங்க. சாக்கேங்கிற அரிசி மதுவைக் காய்ச்சி வித்த குடும்பத்து ஆளு, 50 வயசுல எடோவுக்கு, அதாவது இன்னைக்கு டோக்கியோவுக்கு, வந்து தன்னைவிட 19 வயசு சின்ன வாத்தியார்கிட்ட வானியல் படிச்சு, 1800ல ஆரம்பிச்சு பதினாறு பதினேழு வருஷம் கரையோரமா நடந்தே நாட்டை அளந்தவர். பெரிய மனுஷன், அதுல மறுபேச்சே இல்ல. ஆனா அவருக்கு முன்னாடி 200 வருஷமா அங்க வரைஞ்ச படங்களை எல்லாம் "அழகா இருக்கு, அளவு சரியில்ல"ன்னு ஒரே வரியில ஒதுக்கிட்டு போறாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசு ஆறல. அந்தப் படங்கள்லதான் ஒரு அரசாங்கம் தன்னை என்னன்னு நினைச்சுக்கிச்சுன்னு அப்படியே தெரியுது.

ரெண்டு வாரமா ராத்திரி தூங்கப்போறதுக்கு முன்னாடி, ஜப்பான் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்துல போட்டிருக்கிற குனி-எஸு படங்களை போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டிருக்கேன். குனின்னா பழைய மாகாணம், எஸுன்னா வரைஞ்ச படம். மொத்த கிராமமும் ஒரு சின்ன முட்டை வடிவத்துக்குள்ள இருக்கு, உள்ள ஊர் பேரு, பக்கத்துலயே அந்த ஊருக்கு எத்தனை கொக்கு விளைச்சல்னு கணக்கு. ஒரு கொக்குங்கிறது சுமார் 180 லிட்டர் அரிசி, ஒரு ஆளுக்கு ஒரு வருஷ சாப்பாடுன்னு வச்சிருந்தாங்க. ரோடெல்லாம் சிவப்புக் கோடு, அதுல ஒவ்வொரு ரி தூரத்துக்கும், அதாவது நாலு கிலோமீட்டருக்கு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கறுப்புப் புள்ளி, அது நிஜத்துல அங்க இருந்த மைல்கல் மேடு. அந்த நாலு கிலோமீட்டரை படத்துல கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டரா போடணும்னு உத்தரவு, அதனால ஒரு மாகாணத்தோட படம் ஒரு ரூம் அளவுக்கு வந்துரும். சுவத்துல மாட்ட முடியாது, பாய்த் தரையில விரிச்சு சுத்தி நடந்து பாக்கணும், அதுக்கேத்த மாதிரி எழுத்தும் நாலு திசையிலயும் திரும்பியிருக்கு. போனைத் திருப்பித் திருப்பித்தான் படிக்கிறேன்.

இதை யாரு வரைஞ்சதுங்கிறதுதான் விஷயமே. 1644லயும் திரும்ப 1690கள்லயும் ஷோகன், அதாவது எடோவுல இருந்து நாட்டை ஆண்ட ராணுவ ஆட்சியாளர், தன் ஆளுங்களை அனுப்பி அளக்கல. டைம்யோக்களை, அதாவது பகுதி பகுதியா ஆண்ட பிரபுக்களைக் கூப்பிட்டு, உன் பக்கத்துப் படத்தை உன் செலவுல நீயே வரைஞ்சு, ஊர் ஊரா விளைச்சல் கணக்கோட எடோவுக்குக் கொண்டு வான்னு சொன்னாங்க. 1830கள்ல மட்டும் பழைய படத்துல திருத்தம் போட்டு அனுப்பச் சொல்லிட்டு எடோவுலயே வரைஞ்சாங்க. யோசிச்சுப் பாருங்க, இந்த ஷோகன் வம்சம் ஜெயிச்சு ஆட்சியைப் பிடிச்ச 1600 செக்கிகஹாரா சண்டையில எதிர்ப்பக்கம் நின்னவங்களோட பேரன் கொள்ளுப்பேரன், தன் கோட்டை எங்க, ஆறு எங்க ஆழம், எந்த ஊர்ல எவ்வளவு நெல்லுன்னு தன் கையாலயே எழுதி ஷோகன் முன்னாடி விரிக்கிறான். ஒரு சிப்பாய்கூட எல்லை தாண்டல.

இன்னொன்னு, நான் போன்ல பாக்குற அந்த 1830கள் படத்துல முட்டைகளுக்கு கலர் அடிச்சிருக்கறது டைம்யோ வாரியா இல்ல, மாகாணத்துக்குள்ள இருக்கிற பழைய கோட்டங்கள் வாரியா. 260 சொச்சம் பிரபுக்கள் ஆண்ட நாட்டுல, எந்த ஊரு எந்த பிரபுவுக்குங்கிறதை அந்த கலர் சொல்லவே இல்ல! டைம்யோவை இடம் மாத்தலாம், நிலத்தைப் பிடுங்கலாம், ஆனா மாகாணமும் கோட்டமும் ஆயிரம் வருஷமா இருக்கறது. உன்கிட்ட இருக்கறது பாத்துக்கோன்னு ஒப்படைச்சதுப்பா, உன் சொத்து இல்லன்னு இதைவிட மரியாதையா யாராலயும் சொல்ல முடியாது.

இந்த நினைப்புக்கு வார்த்தை குடுத்தது கன்பியூசிய படிப்புன்னுதான் நான் நினைக்கிறேன். அந்த ஆட்சியை நடத்துனதே கன்பியூசியஸ்தான்னு சொல்ல வரல, அது வாளும் அரிசியும் நடத்துனது. ஆனா அதை நியாயம்னு பேச ஒரு மொழி வேணும்ல. அந்த வம்சத்தோட முதல் ஷோகன் இயேயாசுல இருந்து வரிசையா நாலு ஷோகன்கள்கிட்ட வேலை பாத்த கன்பியூசிய அறிஞர் ஹயாஷி ரஸான், வானம் மேல பூமி கீழ, அதுமாதிரிதான் எஜமானும் குடிமகனும்னு விளக்கினார். அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே சீனாவுல சோவு அரசோட சடங்கு நூல்ல, நாட்டோட நிலப்படத்தையும் குடிகளோட எண்ணிக்கையையும் வச்சிருக்க ஒரு அமைச்சரே உண்டுன்னு எழுதியிருக்கு. ஜப்பானிய மொழியில ஒரு அரசோட ஆட்சிப்பகுதிக்கு "ஹன்தோ"ன்னு பேரு, அந்த ரெண்டு எழுத்தையும் பிரிச்சா பதிவேடு, படம். 1869ல டைம்யோக்கள் தங்க நிலத்தை பேரரசர்கிட்ட ஒப்படைச்சப்பவும் அந்த நடவடிக்கைக்கு வச்ச பேர்ல இதே பதிவேட்டு எழுத்துதான் வருது.

ஆனா கன்பியூசியஸ் வழியில வந்த சீன ஞானி மென்சியஸ் சொன்ன ஒன்னு இருக்கு, நல்லாட்சிங்கிறது வயல் எல்லையைச் சரியா போடுறதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு. எல்லையை சரியா போடலைன்னா நிலமும் சமமா வராது, படியளக்கறதும் நியாயமா இருக்காது, கொடுங்கோலனுக்கும் ஊழல் அதிகாரிக்கும் அதுதான் வசதின்னு காரணமும் சொல்றார். எடோ அரசாங்கம் இதுல முதல் பாதியை நல்லா பிடிச்சுக்கிச்சு. ரெண்டு ஊரு ஒரு மலையில புல்லு வெட்டுற உரிமைக்கு அடிச்சுக்கிட்டு வழக்கு எடோ வரைக்கும் வந்தா, படத்து மேலயே கறுப்பு மையில எல்லைக்கோடு இழுத்து, அந்தக் கோட்டு மேலயே முத்திரை குத்தி, படத்துக்குப் பின்னாடி தீர்ப்பை எழுதிக் குடுத்தாங்க. இது நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா குடிமகனுக்காகத்தான் எல்லைங்கிற ரெண்டாவது பாதி எங்க போச்சு?

அது போய்ச் சேந்த இடம் நாகாகுபோ செகிசுய். எனக்கு இனோவைவிட இவர் மேல பிரியம் ஜாஸ்தி. மித்தோ பகுதியில அகஹாமாங்கிற கிராமத்துல விவசாயக் குடும்பத்துல 1717ல பிறந்தவர், முழுக்க கன்பியூசிய படிப்பு. 1767ல அந்தப் பக்கத்து மீனவங்க புயல்ல அடிச்சுட்டுப் போய் அன்னம் தேசம், அதாவது இன்னைக்கு வியட்நாம் வரைக்கும் போயி நாகசாகிக்குத் திரும்பி வந்தப்ப, அவங்களைக் கூட்டிட்டு வர ஊர் தலைவருக்குப் பதிலா நாட்டோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்குப் போனவர் இவர்தான். விவசாயிங்க படுற பாட்டை எழுதி பிரபுகிட்ட குடுத்தவரும் இவரேதான். 60 வயசுல அந்த மித்தோ பிரபுவுக்கே பாடம் சொல்ற வேலை கிடைச்சுது. இதுக்கு நடுவுல பழைய படங்கள், பயணக் குறிப்புகள், வழியில வர்றவங்க போறவங்க சொன்னதுன்னு வருஷக்கணக்கா சேத்து, ஒத்துப்பாத்து, திருத்தி, 1779ல ஒரு ஜப்பான் படத்தை முடிச்சார், அடுத்த வருஷம் ஒசாகாவுல அச்சாச்சு. 4,000 ஊர் பேருக்கு மேல, குறுக்கும் நெடுக்கும் கோடு, ஒரு அங்குலம் சொச்சத்துக்கு பத்து ரி. ஒரு கயிறு பிடிச்சு அளக்கல அவர், கேட்டுக் கேட்டே வரைஞ்சது. மடிச்சு கையோட எடுத்துட்டுப் போகலாம், காசு குடுத்தா கடையில யாரு வேணாலும் வாங்கலாம்.

இனோவோட படம் அதைவிட எவ்வளவோ துல்லியம், 1821ல ஷோகன்கிட்ட போய்ச் சேந்துது, பெரிய அளவுல 214 தாள். போனதோட சரி, உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. அந்தப் படத்தை முடிச்சுக் குடுத்த தகாஹாஷி காகெயாசு, இனோவோட வாத்தியாரோட பையன், அதோட நகலை நாகசாகியில டச்சு வணிக நிலையத்துல இருந்த வெளிநாட்டு டாக்டர் சீபோல்டுக்குக் குடுத்தார்னு 1828ல பிடிச்சு உள்ள போட்டாங்க. அடுத்த வருஷம் சிறையிலயே செத்துட்டார். தீர்ப்பு வர்ற வரைக்கும் உடம்பை உப்புல போட்டு வச்சிருந்து, அதுக்கப்புறம் தலையை வெட்டினாங்க. ஒரு மேப்புக்காக.

அந்த வருஷங்கள்லயும் செகிசுய் படம் கடையில வித்துட்டுத்தான் இருந்துச்சு, திரும்பத் திரும்ப அச்சு போட்டாங்க. 1852ல யோஷிதா ஷோயின்ங்கிற சாமுராய் அறிஞர் வடக்கே பயணம் போனப்ப அகஹாமா வழியா போயி செகிசுய் கல்லறையில நின்னு கும்பிட்டுட்டுப் போயிருக்கார். படம் வந்து 70 வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு, வழிக்கு அப்பவும் ஜனங்க அதைத்தான் விரிச்சுப் பாத்தாங்க.